முதல் நாளே எழுதி வையுங்கள்



நெய்வேலிச் சுரங்கத்தில் 1961-ல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளியே தெரிந்தது. அதற்காக மேல்மண்ணை வெட்டியவை ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள். இயந்திரம் எத்தனை வந்தாலும் மனிதர் குனிந்து செய்யும் வேலை குறையவில்லை. கன்வேயர் பெல்ட்டிலிருந்து வழிந்து அடியில் சேரும் மண்ணை மண்வெட்டியால்தான் வாரிப் போட வேண்டும். மழை பெய்துவிட்டால் களிமண் மண்வெட்டியில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு வீச்சுக்கும் உதற வேண்டும். பெல்ட்டைத் தாங்கும் உருளை தேய்ந்துபோனால், குறுகலான இடத்தில் உடம்பைத் திருப்பிக்கொண்டு அதைக் கழற்றித் தூக்க வேண்டும். டம்பர், டோசர் ஓட்டுபவர்களின் இடுப்பு ஷிஃப்ட் முழுக்கக் குலுங்குகிறது.

இப்படி உழைத்தவருக்கு ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு, வலி காலுக்கு இறங்குகிறது. இழப்பீடு கேட்டால் எதிரே வரும் முதல் கேள்வி: இது வேலையால் வந்ததா, வயதால் வந்ததா?

விரல் போனால் இந்தக் கேள்வி எழாது. முதுகுக்குத்தான் எழுகிறது. எம்ஆர்ஐ எடுத்தால் ‘டிஸ்க் தேய்மானம்’ என்று அறிக்கை வரும். அதோடு வழக்கு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வெளியானது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 50 வயதினரில் 80 சதவீதம் பேருக்கும் தேய்மானம் இருந்தது. அப்படியானால், தேய்மானம் இருப்பதை மட்டும் வைத்து ‘வேலைதான் காரணம்’ என்று சொல்ல முடியாது. ‘வேலை காரணமில்லை’ என்றும் சொல்ல முடியாது. நேற்றுவரை ஆள் எப்படி வேலை பார்த்தார், எதைத் தூக்கியபோது வலி வந்தது, அதன்பின் எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், காயம் வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்திருக்க வேண்டும் என்றது. நிரூபிக்கும் பொறுப்பு இழப்பீடு கேட்பவருடையது என்றாலும், கண்ணால் பார்த்த சாட்சி இல்லாவிட்டாலும் சூழ்நிலையிலிருந்து நியாயமாக முடிவுக்கு வரலாம் என்று, கப்பலில் காணாமல் போன மாலுமி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-ல் விளக்கியது.

‘முன்பே பலவீனமாக இருந்த உடம்பு’ என்ற வாதம் புதிதல்ல. 1910-ல் பிரிட்டனில் ஒரு வழக்கு. ரத்தக்குழாய் வீங்கி, தூக்கத்தில்கூட வெடித்திருக்கக்கூடிய நிலையில் இருந்த தொழிலாளி, ஸ்பேனரால் நட்டை முறுக்கும்போது இறந்தார். அந்தச் சிறு அழுத்தம் சாவுக்குக் காரணமாகச் சேர்ந்தது என்பதே போதும் என்று பிரபுக்கள் சபை இழப்பீட்டை உறுதி செய்தது. இதய நோயாளியாக இருந்த துறைமுகக் காவலாளி ஒருவரின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றமும் இதே வழியில் நின்றது. அதற்காக, பணியிடத்தில் வலி வந்தாலே போதும் என்று ஆகிவிடாது. வேலைக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும் என்று, மாரடைப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2006-ல் கண்டிப்பாகச் சொன்னது.

ஆக, எல்லாம் அந்தத் தொடர்பில் நிற்கிறது. அது பெரும்பாலும் முதல் நாளிலேயே தொலைந்துபோகிறது. ‘சுளுக்குதான், சரியாகிவிடும்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு, சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓபி சீட்டில் ‘இடுப்பு வலி’ என்று இரண்டே சொல் விழுகிறது. ‘இரவு ஷிஃப்டில் உருளையைத் தூக்கும்போது சுளீரென்று வலி, அன்றிலிருந்து இடது கால் மரத்துப்போகிறது’ என்று அதே சீட்டில் இருந்திருந்தால், இரண்டு வருடம் கழித்து இழப்பீட்டு ஆணையர் முன் அந்த ஒரு வரி பேசியிருக்கும்.

ஒரே நாள் சம்பவம் இல்லாமல், வருடக்கணக்கான குலுக்கலில் கெட்டுப்போன முதுகின் நிலை இன்னும் மோசம். நமக்கு இயந்திரம் தந்த ஜெர்மனியில், நெடுநாள் உட்கார்ந்தபடி உடல் குலுங்குவதால் வரும் இடுப்பு டிஸ்க் நோயை 1993 முதல் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இங்கே 1923 சட்டத்தின் பட்டியலில் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு இடம் கிடைத்தது. டிஸ்க் நோய்க்குக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. சட்டத்தைத் திருத்தி எழுதும் காலத்திலேயே இந்தக் குறையையும் தீர்க்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

தொழிலாளத் தோழர்களே, வலி வந்த ஷிஃப்ட் முடிவதற்குள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கூட இருந்தவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலையில் சேரும்போதும், பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றன 1955-ஆம் ஆண்டின் சுரங்க விதிகள். ‘தகுதியானவர்’ என்று அன்று கொடுத்த சான்றைப் பத்திரப்படுத்துங்கள்; முதுகு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஒப்பந்ததாரர் மாறிவிட்டார் என்று மனம் தளராதீர்கள். 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு முதன்மை நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்க் தேய்ந்திருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், இவரால் இனி தன் வேலையைச் செய்ய முடியுமா என்றும் எழுதுங்கள். இடது கையை இழந்த தச்சர், தச்சு வேலைக்கு முழுவதுமாகவே தகுதி இழந்தார் என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மேசையில் உட்காருபவருக்கும் மண்வெட்டி பிடிப்பவருக்கும் ஒரே முதுகு வலியால் ஒரே இழப்பு ஆகாது.

மேற்பார்வையாளர்களே, உங்கள் பதிவேட்டின் ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பொய்யான கோரிக்கையிலிருந்து நிறுவனத்தைக் காப்பாற்றுவதும் அந்த நேர்மையான வரிதான். காரணத்தை நிரூபிக்கும் பாரம் முழுவதையும், நிமிரவே முடியாமல் இருப்பவர் தலையில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்