எதை வைத்துத் தேய்க்கிறீர்கள்?

வானொலியில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். பாட்டிக்குப் பீர்க்கங்காய் நார்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு நுரை பொங்கும் நைலான் பந்து. அப்பாவுக்குப் பழைய துண்டு. எனக்கு என் கையே போதும்.

கடையில் 'லூஃபா' என்று விற்கிறார்களே, அதைக் கடற்பஞ்சு என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் பீர்க்கங்காய் வகைதான். மலாயில் பெத்தோலா. கொடியிலேயே முற்றவிட்டுக் காயவைத்தால் நார் தயார்.

எதைப் பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில், குளியலறையில் தொங்கும் நார் லேசில் காயாது. அதில் சிக்கிய தோல் துகளும் ஈரமும் கிருமிகளுக்கு விருந்து. லூஃபாவில் கிருமிகள் பெருகி, அங்கிருந்து தோலுக்குப் பரவக்கூடும் என்று 1994-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

அதனால் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்ததும் அலசி, உதறி, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். நாரை மூன்று நான்கு வாரத்திலும் நைலான் பந்தை இரண்டு மாதத்திலும் மாற்றிவிடுங்கள். சவரம் செய்த இடத்தில் ஓரிரு நாள் தேய்க்க வேண்டாம்.

வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அழுத்தித் தேய்த்து விழும் சின்னக் கீறல்கூட அவர்களுக்குச் சீக்கிரம் ஆறாது. காலில் என்றால் இன்னும் மோசம். அவர்களுக்குக் கையோ மெல்லிய துணியோ போதும்.

இன்று குளிக்கப் போகும்போது கொக்கியைப் பாருங்கள். வீட்டில் ஐந்து பேர், தொங்குவது ஒரே நார் என்றால், அடுத்த சந்தைப் பட்டியலில் முதலில் எதை எழுதுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!