பாஸ்வேர்டு மறந்தால் ஃபார்மட்டா?

பாஸ்வேர்டு மறந்த கணினியைக் கடைக்கு எடுத்துப் போனால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். சமீபத்தில் காலமான நண்பரின் கணினிக்கும் இதையேதான் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் படம், பென்ஷன் கடிதம் எல்லாம் அதற்குள்தான்.

பிரெஞ்சில் பாஸ்வேர்டை 'மோ த பாஸ்' என்போம், காவலாளியிடம் சொல்லிக் கடக்கும் சொல். விண்டோஸ் பாஸ்வேர்டும் வாசல் காவலாளிதான். உபுண்டு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கினால் விண்டோஸ் எழுந்திருப்பதே இல்லை. கோப்புகளை நேரே நகலெடுத்துக்கொள்ளலாம். நண்பரின் மனைவிக்குப் படங்கள் அப்படித்தான் கிடைத்தன. உள்ளே நுழைந்தே ஆகவேண்டுமென்றால், கணினியிலேயே உருவாக்கிய கணக்கின் பாஸ்வேர்டைத் துடைக்கும் இலவசக் கருவிகள் 1997 முதலே உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கானால் இணையத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

திருடனும் இப்படித் திறப்பானே என்பீர்கள். திறப்பான். அதற்குத்தான் பிட்லாக்கர். வட்டு முழுவதையும் அது புரியாத எழுத்தாக்கிவிடும். பென்டிரைவ் வித்தை பலிக்காது. மாட்டிக்கொண்டால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். புது விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இது தானாக இயங்கிவிடுகிறது, நம்மிடம் சொல்லாமலே! எண் அந்தக் கணக்கில்தான் கிடக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் போய்விட்டால்?

பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதாதே என்று பிள்ளைகள் அதட்டுகிறார்கள். எங்கோ இருக்கும் இணையத் திருடன் என் பீரோவைத் திறக்கப்போவதில்லை. அந்த 48 இலக்கத்தை அச்சிட்டு, பாஸ்புக்கோடு வைத்திருக்கிறேன். இடம் என் மனைவிக்குத் தெரியும்.