மூட்டையை இறக்கு

நீட் மார்க் வந்த அன்னைக்கே எங்க சேரிப் பிள்ளை ஒருத்தி புத்தகத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். 'நமக்கு அவ்வளவுதான் மாமா மூளை' என்கிறாள். மார்க் குறைந்தது பெரிசில்லை. இந்தச் சொல்தான் சுடுகிறது. தலைமுறை தலைமுறையா அவன் நம்மைப் பார்த்துச் சொன்னது. இப்ப நம்ம பிள்ளை வாயிலேயே வருகிறது.

குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளி மகள். 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176. அதே வருசம் நீட்டில் 720க்கு 86. இடையில் மூளையா கரைந்து போச்சு? பாடத்திட்டம் வேறு, கோச்சிங்குக்குக் காசில்லை. உச்சநீதிமன்றம் வரை போன பிள்ளையை செப்டம்பர் 1இல் இழந்தோம். இன்னொருத்தியை இழக்க மாட்டோம்.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்தது. அங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து இறங்குகிற பழங்குடிப் பிள்ளைக்கும், பட்டணத்தில் லட்சங்களைக் கொட்டியவன் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள். இதுக்குப் பேர் தகுதியாம்!

2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பிச்சையில்லை, சண்டை போட்டு வாங்கியது. சிறுவங்கூரில் நிற்கிற மருத்துவக் கல்லூரியும் நம்ம வரிப்பணம்தான்.

மூட்டையை இறக்கு தாயி. திரும்ப எழுது. பிடிக்கலையா, வேற படி. நீட்டை ஒழிக்கிற சண்டையை நாங்க பாத்துக்கிறோம்.