இரண்டாவது கண்ணாடி

சென்ற மாதம் படவேட்டில் ரேணுகாம்பாளைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில், சந்தவாசல் கடைத்தெருவில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பாக்கியம் நமக்குக் கிட்டியது. ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர் அது. அஸ்தமன வேளை. மலைத்தொடர் நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. தேநீர்க் கடை விசுப்பலகையில் நமக்கு அருகே அமர்ந்திருந்த முதிய குடியானவர் ஒருவர், நாம் மலையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்தார்.

"மலைக்கு அந்தாண்ட நட்சத்திரம் பார்க்கிற பெரிய கண்ணாடி ஒண்ணு வச்சிருக்காங்களாம். அது சீமையிலேருந்து வந்ததா, இல்லே நம்ம தேசத்திலேயே பண்ணினதா, சாமி?"

கேள்வி சிறியது, பதில் அவ்வளவு சிறியதன்று. "கண்ணாடி வட்டம் மட்டும் சீமையிலிருந்து வந்தது பெரியவரே, அதைத் தாங்கும் தேரைக் கரும்பாலைக்கு யந்திரம் செய்கிறவர்கள் செய்து கொடுத்தார்கள்" என்றோம். கிழவர் நம்மைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்த்தார். பட்டணத்துக்காரர்கள் பரிகாசம் செய்வார்கள் என்பது அவருடைய அநுபவம் போலும். ஆனால் நாம் சொன்னது உண்மை. அந்தக் கதையை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

சந்தவாசலுக்கு மேற்கே, மலைத்தொடரின் மறுபுறத்தில், ஆலங்காயத்துக்கு அருகே காவலூர் என்ற மலைக்கிராமம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரம். கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்துக்கு 1960-இல் தலைவராக வந்த வைணு பாப்பு, நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கென்று வேறு நல்ல இடம் வேண்டுமெனத் தேடிக் கண்டது இந்தக் கிராமத்தைத்தான். நகரங்களின் வெளிச்சம் அண்டாத காடு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதனால் தென் வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம். 1968-இல் 38 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கி ஒன்றுடன் வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி விலைக்கு வந்தது. வந்த ஆண்டிலேயே, வியாழனின் உபக்கிரகமான கானிமீடைச் சுற்றி மெல்லிய வாயு மண்டலம் இருக்கக்கூடும் என்பதற்கு அது அறிகுறி காட்டியது. 1977-இல் யுரேனஸ் கிரகத்துக்கும் வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று சேர்த்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

விலைக்கு வாங்கிய கருவி இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது, இன்னொன்றையும் விலைக்கு வாங்கிவிடுவதே சுலபம். பாப்பு சுலபமான வழியை விரும்பவில்லை. அதைவிடப் பெரிதாக, 2.34 மீட்டர் அகலமுள்ள தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தார். செலவு முழுவதும் பொதுஜனங்களின் வரிப்பணம்.

இதற்கு வேண்டிய கண்ணாடி வட்டம் ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து ஷாட் கம்பெனியில் வார்க்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பது நம் இல்லத்தரசிகள் அறிந்ததே. சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் உருமாறாதிருக்க, ஸீரோடூர் என்ற விசேஷப் பொருளில் அதை வார்த்தார்கள். ஆனால் வந்தது வெறும் வட்டம். அதை ஆடியாக்குவது இங்கே நம் வேலை. பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிலையத்தின் பட்டறையில் ஏ. பி. ஜயராஜனும் அவருடைய தோழர்களும் அந்த வேலையை ஏற்றார்கள்.

ஆடியைக் கடைவது என்பது, அம்மியில் அரைப்பதற்கு ஓரளவு ஒப்பான காரியம். இரண்டு வட்டங்களுக்கு நடுவே நீரும் கடினமான பொடியும் இட்டு, ஒன்றின் மேல் ஒன்றை எல்லாத் திசைகளிலும் இடைவிடாமல் தேய்த்துக்கொண்டிருந்தால், ஒன்று குழியும், மற்றொன்று குவியும். இரண்டும் தாமாகவே உருண்டையின் வடிவத்தை அடையும். இது இயற்கையின் கருணை. ஆனால் நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் கூட்டுவதற்கு உருண்டை வடிவம் போதாது. அதிலிருந்து மயிரிழையினும் பன்மடங்கு குறைந்த அளவு விலகிய வேறொரு வளைவு வேண்டும். இங்கேதான் இயற்கை கைவிட்டு, மனிதன் கை தொடங்குகிறது. சிறிது தேய்ப்பது, சோதிப்பது, கண்ணாடி குளிரும் வரை காத்திருப்பது, மறுபடியும் தேய்ப்பது. அதிகமாகத் தேய்த்துவிட்டால் போன கண்ணாடியை ஒட்டவைக்க முடியாது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் புத்தகம் சொல்லிக்கொடுக்காது. பல ஆண்டு தேய்த்த கைதான் சொல்லும்.

ஆடி மட்டும் இருந்து பயனில்லை. பூமி சுழல்வதனால் நட்சத்திரம் நகர்கிறது. அதைப் பின்தொடர்ந்து பல டன் இரும்பு சிறிதும் அதிராமல் திரும்பவேண்டும். அதற்கான திட்டத்தை டாட்டா கன்சல்டிங் இஞ்சினீயர்கள் வரைந்தார்கள். குதிரை லாடம் போன்ற பிரம்மாண்டமான வளையத்தைக் கொண்ட அந்த இரும்புத் தேரைச் செய்தது, மகாராஷ்டிரத்தில் உள்ள வால்சந்த்நகர் யந்திரசாலை. சர்க்கரை ஆலைகளுக்கு யந்திரம் செய்து பெயர் பெற்ற தொழிற்சாலை அது. தொலைநோக்கியை ஆட்டிவைக்கும் மின்கருவிகளுக்குப் பம்பாயிலுள்ள பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் பொறுப்பேற்றது. ஆக, வானத்தைப் படித்தவர்கள், படம் வரைந்தவர்கள், இரும்பை வளைத்தவர்கள், அணுவை ஆராய்ந்தவர்கள் ஆகிய நால்வகையினரும் ஒரே காரியத்துக்காகக் கூடினார்கள்.

பாப்பு 1982 ஆகஸ்டில் மியூனிக் நகரில் காலமானார். அவர் கண்ட கனவு 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தியால் திறந்து வைக்கப்பட்டு, பாப்புவின் பெயரையே தாங்கியது.

இவ்வளவு வரை சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது. இனிச் சொல்லப்போவது வேறு.

ஒரு யந்திரசாலை முதலாளியின் நிலையிலிருந்து பாருங்கள். சர்க்கரை ஆலை யந்திரத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம். தொலைநோக்கியை யார் வாங்குவார்? ஒன்றே ஒன்று செய்வதற்காகத் தச்சரையும் கொல்லரையும் புதிதாகப் பழக்கவேண்டும். லாபக் கணக்குப் பார்ப்பவன் இதில் இறங்கமாட்டான். பண்டிதர்களோ ஏட்டிலே கெட்டிக்காரர்கள்; அவர்களால் இரும்பை வளைக்க முடியாது. ஆகையால் இரு சாராரையும் ஒரு பந்தலின் கீழ் உட்காரவைக்கச் சர்க்கார் பணம் வேண்டியிருக்கிறது. கல்யாணத்தை நடத்தி வைப்பது ஒன்று; பிறகு குடித்தனம் நடக்க வழி செய்வது மற்றொன்று. நாம் முதலாவதை மிக நன்றாகச் செய்தோம்.

காவலூர்த் தேர் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இந்த யோசனை பிறந்தது. மின்னணுத் தொழிலில் அமெரிக்காவும் ஜப்பானும் தங்களை முந்திவிட்டன என்ற அச்சம் அங்கே. 1984-இல் எஸ்பிரிட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாட்டுக் கம்பெனிகளும் சர்வகலாசாலைகளும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால், செலவில் பாதியை ஐரோப்பியச் சமூகத்தின் பொதுப்பணம் ஏற்கும். மறு பாதியைக் கம்பெனிகள் போடவேண்டும். அதே ஆண்டில் இத்தகைய முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான முதல் ஐந்தொகைத் திட்டமும் வந்தது. அது முடிந்ததும் அடுத்தது, அதன் பின் அடுத்தது என்று சங்கிலி அறாமல் வந்து, 2021 முதல் 2027 வரைக்கும் போடப்பட்டது ஒன்பதாவது. அதற்கு ஒதுக்க எண்ணிய தொகை ஏறக்குறைய 9,500 கோடி யூரோ. கூட்டு ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று தனித்தனி ஸ்தாபனங்களாவது சேரவேண்டும் என்பது விதி.

அங்கே எல்லாம் தங்கம் என்று நாம் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதுவதற்கென்றே அங்கே ஒரு தனித் தொழில் ஏற்பட்டிருக்கிறது. பணத்துக்காகச் சேர்ந்து, பணம் தீர்ந்ததும் பிரிந்த கூட்டங்கள் அங்கும் உண்டு. காகிதம் நிரப்புவதில் நம் தாலுக்கா கச்சேரிகளுக்கு அவர்கள் இளைத்தவர்களல்லர். ஆயினும் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு வேலை முடிந்த கைக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது.

பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக் கதையைக் கேளுங்கள். அங்கே இரும்பு வேலை செய்யும் பழைய பட்டறை ஒன்றும், அந்நகர்ச் சர்வகலாசாலையைச் சார்ந்த விண்வெளி ஆராய்ச்சிக்கூடமும் கைகோத்து, 1983-இல் ஆமோஸ் என்ற கம்பெனி பிறந்தது. வால்சந்த்நகரும் பெங்களூரும் கைகோத்ததற்கு இது எவ்வளவு ஒப்பாக இருக்கிறது! ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 1962-இல் நிறுவிய தென்வான ஆராய்ச்சி நிலையம், சிலி தேசத்து மலையுச்சியில் தான் கட்டிய பெரிய தொலைநோக்கிகளுக்குத் துணையாக 1.8 மீட்டர் அகலத்தில் நான்கு தொலைநோக்கிகள் வேண்டுமென்றது. அந்த வேலை ஆமோஸுக்குக் கிடைத்தது. பணம் ஐரோப்பியப் பொதுப்பணம். பழகிய கை ஐரோப்பியக் கை.

இதற்கிடையில் நம் நாட்டில் என்ன நடந்தது? லடாக்கில் ஹான்லேயில் 2000-ஆம் ஆண்டில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. குமாவோன் மலையில் தேவஸ்தல் என்ற இடத்தில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வேண்டுமென்றபோது, அதைச் செய்து கொடுத்தது யார் என்று நேயர்கள் ஊகித்திருப்பார்கள். லியேஜ் நகரத்து ஆமோஸ் கம்பெனிதான். பெல்ஜிய சர்க்காரும் தன் பங்குக்குப் பணம் போட்டு, அதற்கு ஈடாகத் தன் நாட்டு விஞ்ஞானிகளுக்குச் சில இரவுகளை வாங்கிக்கொண்டது. 2016 மார்ச்சு 30-ஆம் தேதி இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் பிரஸ்ஸல்ஸ் நகரில் இருந்தபடியே அதை இயக்கி வைத்தார்கள்.

தேவஸ்தலில் பெல்ஜியக் கருவியை வாங்கியது தவறு என்று நாம் வாதிக்கவில்லை. நல்ல கருவி, நம் விஞ்ஞானிகளுக்கு உடனே வேண்டியிருந்தது. அதன் மேல் கவிந்த கட்டடத்தையும், ஆடிக்கு அலுமினியம் பூசும் யந்திரத்தையும் நம்மவரே செய்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. நம்மை உறுத்துவது ஒன்றுதான். 1986-இல் இரு நாட்டுக் கைகளும் ஏறக்குறைய ஒரே படியில் நின்றன. நம் கை ஒரு படி மேலே என்றுகூடச் சொல்லலாம். முப்பது ஆண்டுகளில் அவர்கள் விற்பவர்களானார்கள், நாம் வாங்குபவர்களானோம். லியேஜ் தொழிலாளி நம் தொழிலாளியைவிடப் புத்திசாலி அல்லன். அவனுக்கு இரண்டாவது வேலை கிடைத்தது, அவ்வளவே. ஆடியை எந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்தவேண்டும் என்று அறிந்த கை, அடுத்த ஆடி வரும் வரை முப்பது ஆண்டு காத்திருக்க இயலாது. அதற்குள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

நியாயமாகச் சொன்னால், எல்லாக் கைகளும் சும்மா இருந்துவிடவில்லை. வால்சந்த்நகர் யந்திரசாலை நம் ராக்கெட்டுகளுக்கு உறுப்புகள் செய்யும் நிலைக்கு உயர்ந்தது. பாபா நிலையம், ஹைதராபாத்து எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷனையும் வேறு கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு, 21 மீட்டர் அகலமுள்ள காமாக்கதிர் தொலைநோக்கியை ஹான்லேயில் எழுப்பியது. 2024 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. ராக்கெட்டுக்கும் அணுவுக்கும் தொடர்ந்து வேலை இருந்தது; ஆகவே அந்தக் கைகள் வளர்ந்தன. பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டேயிலும், பல நாடுகள் கூடிச் செய்யும் 30 மீட்டர் தொலைநோக்கிக்கு ஆடித் துண்டுகளை மெருகிடுவதற்கென்று வானியற்பியல் நிலையம் ஒரு பட்டறை அமைத்திருக்கிறது. அந்தத் துண்டுகளோடு அதன் வேலை நின்றுவிடுமா என்பதுதான் நம் கவலை.

2023-இல் நமது பார்லிமெண்டு தேசிய ஆராய்ச்சி நிதியம் ஒன்றைச் சட்டமாக்கியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். அதில் பெரும்பகுதி சர்க்கார் அல்லாத இடங்களிலிருந்து வரவேண்டும் என்பது எண்ணம். முதலாளிகள் தாமாக முன்வந்து பையை அவிழ்ப்பார்கள் என்று நம்புவதற்கு நமக்குக் கொஞ்சம் தைரியம் போதவில்லை. பையை அவிழ்க்கச் செய்யும் மந்திரம் நன்கொடைச் சீட்டு அன்று, அடுத்த வேலைக்கான ஒப்பந்தம். ஹான்லேயில் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட தொலைநோக்கி ஒன்று நம்முடையதாக எழவேண்டும் என்ற யோசனை வெகுநாளாக இருந்து வருகிறது. அதன் ஆடி ஒரே வட்டமாக இராது. பல துண்டுகளைச் சேர்த்து அமைக்கவேண்டியிருக்கும். அத்தனை துண்டுகளையும் எந்த ஊரில், யார் தேய்ப்பார்கள் என்பதை, குழுக்கள் கூடும் முதல் நாளிலேயே எழுதிவைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கதையில் பாதியைத்தான் சந்தவாசல் பெரியவருக்குச் சொல்ல முடிந்தது. கரும்பாலை யந்திரம் செய்கிறவர்கள் என்ற விஷயத்தை அவர் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினார். தேநீரைக் குடித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கண்ணாடியைத் தேய்ச்சவங்க இருக்காங்களா இப்போ? அவுங்க கிட்ட வேற யாராச்சும் கத்துக்கினாங்களா?" என்றார்.

பதில் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் வேலூர் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் அவசரப்படுத்தினார்.