கணக்கில் வராத காற்று: பார்ட்ஸ் வாங்கும் முன் பரிசோதனைக்குக் காசு கொடுங்க

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு கார் எஞ்சின் பத்திப் பேசப் போறோம். ஆடிட்டருக்கு இதுல என்ன வேலைன்னு தோணலாம். வேலை இருக்கு. கார் வச்சிருக்கிற சம்பளக்காரர் நிறைய பேருக்கு, பட்ஜெட்ல சொல்லாம கொள்ளாம ஓட்டை விழுற இடம் இதுதான். அந்த ஓட்டை பெரும்பாலும் எஞ்சின் கெட்டுப்போனதால வர்றதில்ல, தேடுற வரிசை தப்பா இருக்கிறதால வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். வீட்டுல நாமளே கார் வேலை பாக்குறது தப்பில்ல. வேலை பாத்த பிறகு கார் மக்கர் பண்ணினா, என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்காமலே பார்ட்ஸ் மாத்த ஆரம்பிக்கிறோம் பாருங்க, அதுதான் தப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்

உதாரணத்துக்கு ஒருத்தரை எடுத்துக்குவோம். சென்னையில ஐடி வேலை, சொந்த ஊர் காரைக்குடி பக்கம் கோட்டையூர். கையில ஏழெட்டு வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார். பொங்கல் லீவுல ஊருக்கு வந்தவர், ஒரு வீடியோவைப் பாத்து ஏர் ஃபில்டரை மாத்துறார், த்ராட்டில் பாடியைக் கழட்டி க்ளீன் பண்றார். லேபர் காசு மிச்சம், சந்தோஷம்.

மறுநாள் சிக்னல்ல நின்னா எஞ்சின் ஏறி இறங்குது. செக் எஞ்சின் லைட் எரியுது. யாரோ "பிளக்கா இருக்கும்"னு சொல்றாங்க: 1,200 ரூபாய். சரியாகல. "காயிலா இருக்கும்": 2,500. அதுவும் இல்ல. "ஆக்ஸிஜன் சென்சார்தான், கோடே அதைத்தான் காட்டுது": 4,000. இடையில லேபர் 1,500. ஆக மொத்தம் 9,200 ரூபாய். கடைசியில பாத்தா, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டும்போது ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் சரியா உக்காரல.

இந்த 9,200 வரி கட்டின பிறகு கையில வந்த காசு. கார் ரிப்பேர் செலவை சம்பள வருமானத்துல கழிக்க வழியே கிடையாது. நீங்க 20% ஸ்லாப்ல இருந்தா, செஸ்ஸோட சேத்து 20.8% போகும். அப்போ 9,200 ரூபாய் கையில நிக்கணும்னா சுமார் 11,600 சம்பாதிச்சிருக்கணும். இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது. வழக்கமான மோட்டார் பாலிசி விபத்து மாதிரியான இழப்புக்குத்தான். மெக்கானிக்கல் கோளாறும் தேய்மானமும் அதுல வராது. 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18% ஆயிடுச்சு, முன்னாடி பல பார்ட்ஸுக்கு 28% இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனா தேவையில்லாத பார்ட்டைக் கம்மி வரியில வாங்கினாலும் அது தேவையில்லாத பார்ட்தான்.

எஞ்சினும் ஒரு பேரேடுதான்

பெட்ரோல் எஞ்சினுக்கு உள்ள வர்ற காற்றுக்கு ஒரு கணக்கு இருக்கு. தோராயமா 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல். காற்று எவ்வளவு வந்துச்சுன்னு சென்சார் எழுதி வைக்கும், ஈசியூ அதைப் பாத்து பெட்ரோல் விடும். எரிஞ்சு முடிஞ்ச புகையை ஆக்ஸிஜன் சென்சார் தணிக்கை பண்ணி, கணக்கு சரியா இருக்கான்னு சொல்லும்.

ஐடில்ல நிக்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் காற்றை இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிடும். வெளியில இருக்கிறது சுமார் 100. இந்த வித்தியாசத்தைத்தான் வாக்கூம்னு சொல்றோம். இப்போ ஒரு ஹோஸ் கழண்டிருந்தாலோ, கேஸ்கெட் சரியா உக்காரலைன்னாலோ, அந்த இடுக்கு வழியா காற்று உள்ள பாயும். அந்தக் காற்று சென்சாரைத் தாண்டி வரல, அதனால புத்தகத்துல ஏறல. கணக்கில் வராத காற்று. பெட்ரோல் பத்தாது, எஞ்சின் தடுமாறும், ஈசியூ பி0171-னு ஒரு கோடு போடும். கலவையில பெட்ரோல் குறைவுன்னு அர்த்தம்.

ஆக்ஸிஜன் சென்சார் இங்க தணிக்கையாளர் மாதிரி. கணக்கு இடிக்குதுன்னு சொன்னது அது. நாம என்ன பண்றோம்? சொன்ன ஆடிட்டரையே மாத்திடுறோம்!

கடைசியா தொட்ட இடத்துல இருந்து தேடுங்க

செட்டிநாட்டுல கொண்டுவிக்கிற தொழில் பாத்த குடும்பங்கள்ல பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகின பெரியவங்க இருந்தாங்க. கணக்கு உதைச்சா மொத்தப் புத்தகத்தையும் கிழிச்சுட்டுத் திரும்ப எழுதுறது கணக்கு வேலை ஆகாது. நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சுன்னா இன்னைக்குப் போட்ட பதிவுலதான் தப்பு. முதல்ல அதைப் பாக்கணும்.

காரும் அப்படித்தான். நேத்து வரைக்கும் ஓடின கார், நீங்க கை வச்சதும் தடுமாறுதுன்னா, காயில் அதே நாள்ல தற்செயலா செத்துப்போச்சுன்னு நம்புறதை விட, நீங்க தொட்ட இடத்துல ஏதோ உக்காரலைன்னு சந்தேகப்படுறதுதான் நியாயம். அதனால வரிசை இதுதான்.

முதல் படி, செலவு பூஜ்யம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, நீங்க கழட்டின ஒவ்வொண்ணையும் கையால தொட்டுப் பாருங்க. ஏர் ஃபில்டர் பெட்டியோட கிளிப், த்ராட்டிலுக்குப் போற பெரிய ரப்பர் குழாயோட கிளாம்ப், எஞ்சின் தலையிலிருந்து வர்ற பிசிவி ஹோஸ், த்ராட்டில் பாடிக்கு அடியில இருக்கிற கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போற தடிச்ச ஹோஸ். ஆயில் டிப்ஸ்டிக் முழுசா இறங்கியிருக்கான்னும் பாருங்க. பல எஞ்சின்ல அது வழியாவும் காற்று உள்ள போகும். பழைய ரப்பர் சூட்டுல இறுகிக் கிடக்கும், கழட்டி மாட்டும்போது அடிப்பக்கம் கீறல் விடும். மேல இருந்து பாத்தா தெரியாது, விரலால தடவினாதான் தெரியும்.

நம்ம ஊர்ல இன்னொண்ணும் உண்டு. கல்யாணம், திருவிழான்னா மட்டும் திறக்கிற வீடுகள்ல, ஷெட்டுல மாசக்கணக்கா நிக்கிற கார். ஹோஸ், ஒயர் ரெண்டையும் எலி விட்டு வைக்காது. அதையும் பாத்துடுங்க.

ரெண்டாவது படி, சில நூறுலேர்ந்து ஓரிரு ஆயிரம். ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர். பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலேயே ஓபிடி-2 கட்டாயமாச்சு, பிஎஸ்-4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதுக்கு அப்புறம் தயாரான கார்னா ஸ்டியரிங் பக்கத்துல, டாஷ்போர்டுக்குக் கீழ 16 பின் சாக்கெட் இருக்கும். கோடை மட்டும் படிச்சுட்டு மூடிடாதீங்க. ஃபியூயல் ட்ரிம்னு ஒரு எண் வரும், அதுதான் விஷயம். ஈசியூ வழக்கத்தை விட எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டியோ குறைச்சோ விடுதுன்னு அது சொல்லும்.

ட்ரயல் பேலன்ஸ்ல வித்தியாசம் 9-ஆல வகுபட்டா, எங்கயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம்னு நாங்க படிச்சிருக்கோம். வித்தியாசத்தோட வடிவமே தப்போட வகையைக் காட்டிக் கொடுக்கும். இங்கயும் அதேதான். எஞ்சின் சூடான பிறகு, ஐடில்ல ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ரெண்டையும் கூட்டுங்க. ஐடில்ல +18, 2,500 ஆர்பிஎம்ல +4-ன்னு இறங்கினா, காற்றுக் கசிவுக்கு அது பலமான அடையாளம். ஏன்னா வேகம் கூடும்போது முறையா வர்ற காற்று பெருகும், திருட்டுக் காற்றோட பங்கு சின்னதாயிடும். மாறா, வேகமும் லோடும் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினா, பெட்ரோல் சப்ளை பக்கம் பாக்கணும்: ஃபில்டர், பம்ப். இல்லன்னா காற்றை அளக்கிற சென்சார் அழுக்கா இருக்கலாம்.

மூணு விஷயத்தை இங்கயே சேத்துக்கோங்க. ஒண்ணு, இப்போ பெட்ரோல்ல 20% வரை எத்தனால் கலந்து வருது. எத்தனால்லயே ஆக்ஸிஜன் இருக்கிறதால ஈசியூ கொஞ்சம் கூடுதலா விடும், அதனால +4, +5 பாத்துப் பயப்பட வேண்டாம். ரெண்டு, எல்லா காரும் காற்றை நேரடியா அளக்காது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வச்சுக் கணக்குப் போடுற மேப் சென்சார் கார்கள்ல, கசிவு இருந்தாலும் ட்ரிம் பெருசா மாறாம இருக்கலாம். அங்க ஐடில் வேகமும் அழுத்தமும் வழக்கத்தை விட உயர்ந்து நிக்கும். மூணு, த்ராட்டில் க்ளீன் பண்ணினதும் ஐடில் ஏறுறது எல்லாமே கசிவு இல்ல. பழைய கரிக்குத் தகுந்த மாதிரி ஈசியூ கத்து வச்ச அளவு அப்படியே இருக்கும். ஓப்பனிங் பேலன்ஸை மாத்தாம புது வருஷக் கணக்கு தொடங்கின மாதிரி. பல கார்ல ஐடில் ரீ-லேர்ன் பண்ணினா சரியாயிடும்.

மூணாவது படி, ஸ்மோக் டெஸ்ட். இன்டேக்குக்குள்ள குறைஞ்ச அழுத்தத்துல புகையை விட்டா, ஓட்டை இருக்கிற இடத்துல புகை எட்டிப் பாக்கும். இதை கராஜ்ல செய்யச் சொல்லுங்க. பக்கத்துல வசதி இல்லைன்னா திருச்சியோ மதுரையோ போற அன்னைக்குக் காமிக்கலாம். எரியக்கூடிய க்ளீனர் ஸ்ப்ரேயை ஓடுற எஞ்சின் மேல அடிச்சு, சத்தம் மாறுதான்னு பாக்கிற முறை வீடியோக்கள்ல நிறைய வரும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல அது தீப்பிடிக்கிற வேலை. மிச்சம் பிடிக்கப் போய் காரையே இழக்க வேண்டாம்.

புது பார்ட் வாங்குறது நாலாவது படிதான்.

எதுல மிச்சம் பிடிக்கவே கூடாது

எஞ்சினை நிறுத்திட்டு பிரேக் பெடலை நாலஞ்சு தடவை மிதிங்க, கல்லு மாதிரி ஆகும். மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலைன்னா பிரேக் பூஸ்டருக்கு வாக்கூம் சரியா போகல. அந்தக் காரை ஓட்டாதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்க.

அதே மாதிரி செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினா, மிஸ்ஃபயர் கடுமையா இருக்குன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துடும். சில பத்து ரூபாய் கிளாம்பை விட்டுட்டு ஓட்டினா, பில் பல்லாயிரத்துக்குப் போறது இப்படித்தான்.

நாம மாத்திக்க வேண்டிய பழக்கம்

மெக்கானிக் மேல பழி போடுறது சுலபம். ஆனா நாம என்ன பண்றோம்? 4,000 ரூபாய் சென்சாருக்குப் பேசாம காசு கொடுக்கிறோம். அரை மணி நேரம் மெனக்கெட்டு, "ஹோஸ் கழண்டிருந்துச்சு தம்பி, மாட்டிட்டேன்"னு சொல்றவருக்கு 500 ரூபாய் கொடுக்க மனசு வர்றதில்ல. "சும்மா பாத்ததுக்கா?"ன்னு கேக்குறோம். பாத்துச் சொல்றதுக்குக் கூலி இல்லைன்னா, பார்ட்ஸ் வித்துதான் அவர் கடை வாடகை கட்டணும். அந்தச் சந்தையை உருவாக்கினதுல நமக்கும் பங்கு உண்டு. என் தொழில்லயும் இதே கதைதான். நோட்டீஸுக்குப் பதில் எழுதினா ஃபீஸ் வரும். "இதுக்குப் பதிலே தேவையில்லை"ன்னு படிச்சுப் பாத்துச் சொன்னா வராது. ரெண்டாவதுதான் கஷ்டமான வேலை.

"அனுபவசாலி காதால கேட்டே சொல்லிடுவாரே, ஸ்கேனர் எதுக்கு?"ன்னு கேக்கலாம். உண்மை, சொல்லிடுவார். அந்தக் காதுக்கும் காசு கொடுங்கன்னுதான் நான் சொல்றேன்.

அடுத்த தடவை கராஜ் போனா இப்படிச் சொல்லிப் பாருங்க: "அண்ணே, நான் இன்னின்ன கழட்டி மாட்டினேன், அதுக்கப்புறம்தான் இப்படி ஆகுது. முதல்ல என்னன்னு பாத்துச் சொல்லுங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன். பார்ட் எதுவும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க." எதைத் தொட்டோம்னு மறைக்காதீங்க. நீங்க மறைக்கிற ஒவ்வொரு விஷயத்தையும் தேட அவருக்கு நேரம் ஆகும், அந்த நேரம் உங்க பில்லுலதான் ஏறும்.

உங்களுக்கும் ஒரு எல்லை வச்சுக்கோங்க. கையால தடவிப் பாத்தாச்சு, ஸ்கேனர்ல பாத்தாச்சு, ரெண்டு மணி நேரம் போச்சு, இன்னும் தெரியலையா? அங்கேயே நிறுத்திட்டு தெரிஞ்சவர்கிட்ட போங்க. நேரமும் செலவுதான்.

இது பெட்ரோல் காருக்கான கதை. டீசல் காரோட வாக்கூம் ஏற்பாடு வேற, அதுக்கு இந்த எண்களைப் பாக்காதீங்க. ஐடில்லயும் 2,500-லயும் ட்ரிம் எப்படி மாறுதுன்னு ஸ்க்ரீன்லயே காட்டி ஒரு வீடியோ சேனல்ல போடுறேன். அதுவரைக்கும் எந்த பார்ட்டையும் ஆர்டர் பண்ணாம, பானெட்டைத் திறந்து கடைசியா தொட்ட ஹோஸை ஒரு தடவை அழுத்திப் பாருங்க.