சாரமும் ஏறட்டும் மாதிரியில்!

பொறியியல் கல்லூரிகளில் இன்று புதுப் பெயர் ஒன்று அடிபடுகிறது. ‘பிம்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். விரித்துச் சொன்னால், கட்டடத் தகவல் மாதிரி. கட்டுமான மேலாண்மை படிக்கிற மாணவனுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். பாடத்திட்டத்தில் இடம் கொடுக்கிறார்கள். கணினிக் கூடம் அமைக்கிறார்கள். சான்றிதழும் வழங்குகிறார்கள். நல்ல காரியம். வரவேற்கிறோம். ஆனால் வரவேற்கிறபோதே ஒரு கேள்வியையும் கேட்டு வைக்கிறோம். கணினித் திரையிலே அழகழகாக எழும்பி நிற்கிறதே அந்த மாளிகை, அதில் கொத்தனார் எங்கே? சித்தாள் எங்கே? அவர்கள் ஏறி நிற்கிற சாரம் எங்கே?

“கல்லூரிப் பாடத்தைப் பற்றித் தொழிலாளர் ஏட்டுக்கு என்ன பேச்சு?” என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். இன்று வகுப்பிலே அமர்ந்திருக்கும் மாணவன்தான், நாளை வேலையிடத்தில் நின்றுகொண்டு, “மேலே ஏறு” என்றும், “சென்ட்ரிங்கைப் பிரி” என்றும் உத்தரவிடப் போகிறவன். அவனுக்கு எதைக் கற்பிக்கிறார்கள், எதைக் கற்பிக்காமல் விடுகிறார்கள் என்பது, அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவனுடைய உயிரைப் பற்றிய பிரச்சினை. ஆகவேதான் பேசுகிறோம்.

முதலில் இது என்ன சங்கதி என்று பார்ப்போம்.

பிளான் என்றால் நம் தோழர்களுக்குத் தெரியும். சுவருக்கு ஒரு தாள், கம்பிக்கு ஒரு தாள், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு தாள், மின்சாரத்துக்கு ஒரு தாள். ஒரு தாளிலே செய்த திருத்தம் இன்னொரு தாளுக்குத் தெரியாது. கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டி, உத்தரம் இறுகி நின்ற பிறகு குழாய் போடுகிறவர் வந்து சேருவார். அவர் கையிலுள்ள தாளிலே குழாய் அந்த உத்தரத்தின் ஊடே போகும்! பிறகென்ன? எடு சுத்தியலை, உடை உத்தரத்தை! உடைக்கிற பாடு தொழிலாளியின் தோளுக்கு. பலம் குறைந்த உத்தரத்தின் ஆபத்தும் அதன் கீழே நிற்கும் தொழிலாளியின் தலைக்கு. நம்மிலே எத்தனையோ பேர் கண்ணாரக் கண்ட காட்சிதான் இது.

பிம் முறையில் இந்தத் தாள்கள் எல்லாம் ஒரே மாதிரிக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே சுவர் என்பது வெறும் கோடு அல்ல. அதன் நீளம், உயரம், கனம், எந்தப் பொருளால் ஆனது என்ற விவரம் அத்தனையும் அதனோடு ஒட்டியிருக்கும். 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 125 மில்லிமீட்டர் கனமும் உள்ள தளத்துக்குக் கான்கிரீட் 7.5 கன மீட்டர். கனத்தை 150 மில்லிமீட்டராக மாற்றினால் 9 கன மீட்டர். மாற்றிய அந்த நொடியிலே எல்லா வரைபடங்களிலும், எல்லாக் கணக்குகளிலும் தானாகவே மாறிவிடும். குழாயும் உத்தரமும் மோதிக்கொண்டால், கட்டுவதற்கு முன்பே திரையில் காட்டிக் கொடுத்துவிடும். எந்த நாளில் எந்த வேலை, எந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்பதையும் அதோடு இணைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1970-களிலேயே இந்த எண்ணத்தை எழுதி வைத்தார். கணினிகள் வளர்ந்த பிறகு அது உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டிஷ் அரசு 2011-ம் ஆண்டில் திட்டம் வகுத்து, 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசுத் துறைகளின் கட்டுமானங்களில் இந்த முறையைக் கட்டாயமாக்கியது. நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டட வேலை தேடிக் கப்பலேறிய சிங்கப்பூரில், 2013-ல் பெரிய கட்டடங்களுக்கும், 2015-ல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும், அனுமதி கேட்டு அனுப்பும் வரைபடங்கள் இந்த மாதிரியாகவே வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. நம் நாட்டிலும் நாகபுரி மெட்ரோ ரயில் பணியில் நாளையும் செலவையும் மாதிரியோடு சேர்த்துப் பார்த்து வேலை நடத்தினார்கள். ஆகவே, இதைக் கற்பிக்கவே வேண்டாம் என்று சொல்லுகிறவன் காலத்தின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறவன். அந்தக் கூட்டத்திலே நாம் இல்லை.

நாம் கேட்பது வேறு. எதற்காகக் கற்பிக்கிறார்கள்?

பிரிட்டனில் 2011-ம் ஆண்டுத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். கட்டுமானச் செலவில் 20 சதவீதம் வரை மிச்சம் பிடிப்பதுதான் அதன் குறிக்கோள். மிச்சம் பிடிப்பது பாவம் என்று நாம் சொல்லவில்லை. மக்கள் பணம் மிச்சமானால் மகிழ்ச்சிதான். ஆனால் 2017 ஜூன் 14-ந் தேதி லண்டனில் கிரென்ஃபெல் என்னும் அடுக்குமாடி தீப்பற்றி எரிந்து, 72 உயிர்கள் போயின. அதன் பிறகு 2018-ல் வந்த ஹாக்கிட் அம்மையாரின் அறிக்கை, கட்டடத்தைப் பற்றிய தகவல்கள் அறுபடாத பொன்னிழைபோலக் கடைசிவரை காக்கப்பட வேண்டும் என்று கூறிற்று. அதே 2018-ல், உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவல்களை மாதிரியோடு இணைப்பதற்கென்றே அங்கே தனி விதிநூல் ஒன்றும் வெளிவந்தது. செலவுக் கணக்கு 2011-ல். உயிர்க் கணக்கு 2018-ல்! எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து மண்ணோடு மண்ணாயிற்று. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் அவர்களிலே பலர். பக்கத்திலே நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே பிம் இருந்திருந்தால் அந்தக் கட்டடம் விழுந்திருக்காது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது ஏமாற்று. கணினிக்கு மனச்சாட்சி கிடையாது. பலவீனமான தூணை எழுதிக் கொடுத்தால், அதையும் வண்ணம் பூசி அழகாகவே காட்டும். எழுதிக் கொடுக்கிறவனுக்கு அறிவும் வேண்டும், அச்சமும் வேண்டும், பொறுப்பும் வேண்டும். அந்தப் பொறுப்பை ஊட்டுகிற இடம் கல்லூரி. ஆகவேதான் கல்லூரியின் கதவைத் தட்டுகிறோம்.

மாணவனுக்குக் கற்றுத் தரும் மாதிரி பெரும்பாலும் எதைக் காட்டுகிறது? கட்டி முடித்த கட்டடத்தை! தூண் இருக்கும், உத்தரம் இருக்கும், சன்னல் இருக்கும், வாசலிலே பூந்தொட்டிகூட இருக்கும். ஆனால் கட்டடம் முடிகிறவரை அதைத் தாங்கி நிற்கும் முட்டு இருக்காது. சென்ட்ரிங் பலகை இருக்காது. சாரம் இருக்காது. மாடி விளிம்பிலே கால் தவறாமல் காக்கும் தடுப்புக் கம்பி இருக்காது. லிஃப்டுக்காக விட்ட குழியின் மேல் மூடி இருக்காது. முடிந்த கட்டடத்திலே இவை எதற்கும் இடமில்லை என்பது உண்மை. ஆனால் தொழிலாளி வாழ்வதும் சாவதும் முடிந்த கட்டடத்தில் அல்லவே! முடியாத கட்டடத்தில்தானே அவனுடைய நாள் முழுவதும் கழிகிறது?

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறோம். சென்ட்ரிங் முட்டை எப்போது எடுக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிநூலின் 2000-ம் ஆண்டுப் பதிப்பு கணக்குச் சொல்லியிருக்கிறது. சாதாரணச் சிமெண்டில் வார்த்த தளம், தாங்குமிடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாள். அதற்கு மேலானால் 14 நாள். உத்தரம் 6 மீட்டர் வரை இருந்தால் 14 நாள். அதற்கு மேலானால் 21 நாள். இது படித்த எல்லாப் பொறியாளருக்கும் தெரியும். ஆனால் பலகைக்கு வாடகை ஓடுகிறது, அடுத்த மாடிக்கு அவசரம் என்று காண்டிராக்டர் நெருக்கும்போது, 14 நாள் 10 நாளாகிறது, 10 நாள் 8 நாளாகிறது. மாதிரியிலே முட்டும் இருந்து, அதன் நாளும் எழுதப்பட்டிருந்தால், நாள் நிறையும் முன்பே அதை எடுக்கத் திட்டமிடுகிறவன் கண்ணுக்கு எதிரே அது சிவப்பாக எரிந்து நிற்கும். “எனக்குத் தெரியாது” என்று பிறகு யாரும் தப்ப முடியாது. குழாய் உத்தரத்தில் மோதினால் காட்டுகிற கருவிக்கு, மனிதன் சாவோடு மோதப் போவதைக் காட்டவும் வலிமை உண்டு. காட்டச் சொல்லிக் கற்பிக்கிறவர்கள் வேண்டும்; அவ்வளவுதான்!

“சாரத்தையும் முட்டையும் வரைந்துகொண்டிருந்தால் பாடம் முடியாது, மேஸ்திரியே பார்த்துக்கொள்வார்” என்பார்கள். மேஸ்திரி பார்த்துக்கொள்கிறார் என்பது மெய்தான். ஆண்டாண்டு காலமாகப் பட்டறிவால் பார்த்துக்கொள்கிறார். அப்படியானால் அந்த மேஸ்திரியை வகுப்புக்கு அழைத்து வாருங்கள்! மாணவன் வரைந்த மாதிரியை அவர் முன் வையுங்கள். “தம்பி, இங்கே கால் வைக்க இடம் எங்கேப்பா? செங்கல்லை எந்தப் பக்கம் ஏற்றுவே?” என்று அவர் கேட்கும் இரண்டு கேள்விகள், பத்துச் சொற்பொழிவுகளுக்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. பிளான் என்பது படித்தவன் மட்டுமே படிக்கக்கூடிய ஏடு. மாதிரியோ கண் உள்ளவன் எவனும் பார்க்கக்கூடிய படம். எழுத்தறியாத சித்தாள் அம்மையாரும் பார்த்தால் புரிந்துகொள்வார். தமிழ் அறியாத ஒடிசாத் தோழரும் வங்கத் தோழரும் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். இன்று எங்கே சென்ட்ரிங் பிரிக்கிறோம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று காலையிலே வேலை தொடங்குமுன் 10 நிமிடம் திரையில் காட்டினால் போதும். காகிதத்திலே பூட்டிவைத்த அறிவைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டுவர வந்த கருவி இது. அதையும் குளிர்சாதன அறைக்குள்ளே பூட்டுவதா?

இனி, யாருக்குக் கற்பிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் மூலவேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது, பள்ளி பிறந்தது. இன்று அயல்நாட்டுக் கட்டடங்களுக்கு மாதிரி வரைந்து தரக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. அதற்காக ஏதோ ஒரு கம்பெனியின் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கல்வி என்று பெயர் சூட்டலாமா? பொத்தான் மாறிவிடும், கம்பெனியும் மாறிவிடும். கட்டடம் எப்படி நிற்கிறது, ஏன் விழுகிறது என்ற அறிவுதான் மாறாதது. எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவான ஐ.எஃப்.சி. என்ற திறந்த வடிவம் 2013-லேயே உலகத் தரமாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. அரசு பாலிடெக்னிக்கின் பழைய கட்டடத்திலே படிக்கும் கொத்தனார் மகனுக்கு, விலை உயர்ந்த உரிமம் வாங்கப் பணமில்லை என்று சொல்லிக் கதவடைக்கத் தேவையே இல்லை.

மொழியும் தடையாகக் கூடாது. அண்ணா பல்கலைக் கழகத்தில் 2010-ம் ஆண்டில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ் வழியில் தொடங்கப்பட்டன. அந்த வழியில் வருகிற பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் தமிழிலே கிடைக்க வேண்டும். சாரம், முட்டு, உத்தரம், தூண் என்று தொழிலாளி வாயிலே வாழும் சொற்கள் நம்மிடம் ஏராளம். அவற்றை எழுதிப் பாடநூல் ஆக்குவதற்குச் சோம்பல் தவிர வேறு தடை என்ன?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் பிறந்தது. 1996-ல் வந்த மத்தியச் சட்டம் கட்டுமானச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமல் தீர்வை வாங்க வழி செய்தது. தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்வி உதவி தருவதும் வாரியத்தின் பணிகளில் ஒன்று. அந்த உதவியின் கீழ் இந்தப் பயிற்சியும் சேரட்டும். கட்டடத்தால் வந்த பணம், கட்டுகிறவனுடைய வீட்டுக்கே அறிவாகத் திரும்பட்டும்.

ஆகவே, ஆட்சியில் இருப்போருக்கும் பல்கலைக் கழகங்களை நடத்துவோருக்கும் நாம் வைக்கும் கோரிக்கை நான்கு. மாணவன் செய்யும் மாதிரியில் சாரமும் முட்டும் தடுப்புக் கம்பியும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டும். மேஸ்திரியும் கம்பி கட்டுகிறவரும் அமர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்லும் வகுப்பு வேண்டும். அரசு பாலிடெக்னிக்குகளில், திறந்த மென்பொருளில், தமிழில் இந்தப் பாடம் வேண்டும். கட்டுமானத் தொழிலாளியின் பிள்ளைக்கு அதற்கான உதவித்தொகை வேண்டும்.

கட்டடத் தொழிலாளர் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இது படித்தவர்கள் விவகாரம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் ஊரில் பொறியியல் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ இருக்கிறது. அங்கே சென்று ஆசிரியர்களைப் பாருங்கள், மாணவர்களைப் பாருங்கள். அவர்களிலே பலர் உங்கள் வீட்டுப் பிள்ளைகள். “நீங்கள் கட்டுகிற மாதிரியிலே எங்களுக்கும் நிற்க இடம் கொடுங்கள்” என்று கேளுங்கள். கொடுப்பார்கள். கொடுக்கத் தயங்கினால், கொடுக்கும்வரை கேட்போம்!