ஸ்டார்ட் மெனுவில் எட்டிப் பார்க்கும் அடுத்தவர் ஃபைல்! புதுச்சேரி ஜெராக்ஸ் கடைகள் உடனே மாற்ற வேண்டிய செட்டிங் எது?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதனால் கடை, ஆபீஸ், வீடு என எல்லா இடத்திலும் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டிய கட்டாயம். மாறியவர்கள் முதலில் திணறுவது ஸ்டார்ட் மெனுவில்தான். 1995-ல் இருந்து இடது மூலையில் இருந்த பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது. பழகிய இடத்தில் எதுவும் இல்லை.

வெறும் தோற்ற மாற்றம்தானே என்று விட்டுவிட முடியாது. காரணம், அந்த மெனுவின் கீழ்ப்பகுதியில் இருக்கும் 'ரெகமெண்டட்'.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பெயர்கள் அங்கே வரிசையாக வந்து நிற்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது வசதி. விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடரலாம். ஆனால் புதுச்சேரி நகரத்தில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையையோ டிடிபி சென்டரையோ நினைத்துப் பாருங்கள். காலையில் ஒருவரின் ஆதார், அடுத்து சென்டாக் விண்ணப்பத்துக்கு ஒரு மாணவியின் மதிப்பெண் சான்றிதழ், மதியம் பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் கொடுக்க வேண்டிய பிறப்புச் சான்றிதழ். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் திறக்கிறது.

பெரும்பாலும் ஃபைலுக்கு ஆளின் பெயரையே வைத்துவிடுவார்கள். அடுத்த வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது வேர்டு திறக்க ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால், முந்தையவரின் பெயரும் சான்றிதழும் திரையில் தெரியும். ஒரு கிளிக் போதும், ஃபைலே திறந்துவிடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்து, அதற்கான விதிகளும் 2025 நவம்பரில் வெளியான பிறகும், கடை கவுண்டரில் இது சர்வசாதாரணம்.

எப்படி நிறுத்துவது?

செட்டிங்ஸ் போய் 'பெர்சனலைசேஷன்', அதற்குள் 'ஸ்டார்ட்'. அங்கே 'ஷோ ரெகமெண்டட் ஃபைல்ஸ் இன் ஸ்டார்ட்' என்று தொடங்கும் சுவிட்சை அணையுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வரும் சமீபத்திய ஃபைல் பட்டியலும் இதிலேயே மறைந்துவிடும். பிரவுசிங் ஹிஸ்டரியில் இருந்து வெப்சைட்டுகளைக் காட்டும் சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. "இப்போ எடுத்தீங்களே, அதே ஃபைல்ல இன்னொரு காப்பி" என்று கேட்பவருக்கு, ஃபோல்டரைத் திறந்துதான் தேட வேண்டும். பரவாயில்லை, அது அரை நிமிட வேலை. இன்னொன்று: பட்டியல்தான் மறைகிறது, ஃபைல் அழியவில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் தினமும் காலி செய்வது தனி வேலை.

2025 நவம்பரில் பரவலாக வரத் தொடங்கிய புதிய ஸ்டார்ட் மெனுவில், பரிந்துரை சுவிட்சுகளை எல்லாம் அணைத்தால் அந்தப் பகுதியே காணாமல் போய், மொத்த ஆப்களும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். அதற்கு முந்தைய விண்டோஸ் 11-ல் அந்த இடம் வெறுமனே காலியாகக் கிடந்தது.

கிடைத்த இடத்தை என்ன செய்யலாம்?

உங்களுக்கு வேண்டியதை மட்டும் வைக்கலாம். தேவையில்லாத ஐகானில் ரைட் கிளிக் செய்து 'அன்பின்' கொடுங்கள். ஒரு ஐகானை இன்னொன்றின் மேல் இழுத்துப் போட்டால் இரண்டும் ஒரு ஃபோல்டராகிவிடும். 'ஸ்கேன்', 'தமிழ் டைப்பிங்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பவர் பட்டனுக்குப் பக்கத்தில் டவுன்லோட்ஸ் போன்றவற்றை வைக்கும் வசதியும் அதே செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டன் பழையபடி இடது பக்கம் வேண்டுமா? டாஸ்க்பார் செட்டிங்கில் 'அலைன்மெண்ட்' என்பதை லெஃப்ட் ஆக்கினால் போதும்.

தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் டைப் செய்து தரும் கடைகள் கீபோர்டு மாற்ற மெனுவுக்கே போக வேண்டாம். தமிழ் 99, பிரெஞ்சு இரண்டையும் மொழி செட்டிங்கில் ஒருமுறை சேர்த்துவிட்டால், பிறகு விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டி மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர் என்றால்?

டிபிஎம் 2.0 சிப் இல்லாத, 8-ம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர் உள்ள கம்ப்யூட்டர்களை மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதற்கு மேல் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், இல்லையென்றால் லினக்ஸ். பிரான்சின் ஜெண்டர்மரி காவல் படை 2008-ல் இருந்தே உபுண்டுவுக்கு மாறத் தொடங்கிவிட்டது. நம் ஊர் கடைகளுக்கு லினக்ஸ் மின்ட் வசதி. அதன் மெனு பழைய விண்டோஸ் மாதிரியே இடது மூலையில் இருக்கும். ஆனால் சமீபத்தில் திறந்த ஃபைல்களை அதுவும் நினைவில் வைத்துக்கொள்ளும். அங்கே 'பிரைவசி' செட்டிங்கில் அதை அணைக்க வேண்டும்.